பரங்கிமலை ஓ.டி.எஸ்.: அவசரத்துக்குப் போட்ட முகாம் எப்படி நிரந்தரமாச்சு?

நங்கநல்லூர் பேத்தி
வணக்கம். பழைய மெட்ராஸ் விஷயம் தெரிந்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

என் தாத்தா (அம்மாவின் அப்பா) போன மார்கழியில் தவறிவிட்டார். வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. கறுப்பு பெயின்ட், மூடி மேல் வெள்ளையில் அவர் பெயர், பெயருக்கு முன்னால் ஒரு எண். அந்த எண் "ஈ.சி." என்ற இரண்டு இங்கிலீஷ் எழுத்தில் தொடங்குகிறது. உள்ளே கணுக்காலில் கட்டுகிற கான்வாஸ் பட்டை ஒரு ஜோடி, காய்ந்து கல்லாகிவிட்ட பிராஸோ டப்பா, பூச்சி அரித்த ஒரு நோட்டு, ஒரு கவர் நிறைய ரசீதுகள், அப்புறம் ஒரு குரூப் போட்டோ. போட்டோவுக்குக் கீழே "ஓ.டி.எஸ். மதராஸ், 1963".

அவர் ராணுவத்தில் ஐந்து வருஷம் இருந்தார், 65 சண்டையில் சியால்கோட் பக்கம் இருந்தார் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்டால் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார். நாற்பது வருஷம் நங்கநல்லூரில் இருந்தும் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி (ஓ.டி.ஏ.) கேட்டுக்குள் ஒரு நாளும் போனதில்லை. ஒருமுறை பஸ்ஸில் அந்த வழியாக வரும்போது நான் "தாத்தா, உங்க அகாடமி" என்றேன். "நாங்க போனப்ப அது கேம்ப்பும்மா. அவசரத்துக்குப் போட்டது. எங்களை மாதிரி" என்றார். அவ்வளவுதான்.

அந்த "அவசரம்" என்ன? இந்த ஓ.டி.எஸ்.தான் இப்போதைய ஓ.டி.ஏ.வா?

ரிட்டயர்டு சுபேதார்
அம்மா, தாத்தாவுக்கு என் அஞ்சலி.

ஆமாம், அதே இடம்தான். ஓ.டி.எஸ். என்றால் ஆபீசர்ஸ் டிரெயினிங் ஸ்கூல். 1988 ஜனவரி 1ஆம் தேதிதான் அகாடமி என்று பெயர் மாறியது. என்னைப் போன்ற பழைய ஆட்கள் வாயில் இன்றைக்கும் ஓ.டி.எஸ். என்றுதான் வரும்.

"ஈ.சி." என்றால் எமர்ஜென்சி கமிஷன். கமிஷன் என்றால் அதிகாரியாக நியமனம். ராணுவத்தில் ஒரு அதிகாரியின் நம்பரைப் பார்த்தாலே அவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்று தெரிந்துவிடும். நிரந்தர கமிஷன் ஐ.சி., ஷார்ட் சர்வீஸ் எஸ்.எஸ்., அவசர கமிஷன் ஈ.சி. தாத்தா சொன்ன "அவசரம்" அவர் சொந்தமாகச் சொன்ன வார்த்தை இல்லை. அவருடைய நம்பரிலேயே இருந்த வார்த்தை.

கல்வெட்டுக்காரன்
சுபேதார் ஐயா சொன்னதற்குக் கொஞ்சம் பின்னணி.

1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை இமயமலையில் இரண்டு முனைகளில் தாக்கியது. அக்டோபர் 26 அன்று நாட்டில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அவசர நிலை என்றதும் எல்லோருக்கும் 1975தான் நினைவுக்கு வரும், ஆனால் முதலாவது இதுதான். நவம்பர் 21 அன்று சீனாவே சண்டையை நிறுத்தியது. சண்டை ஒரே மாதம், அவசர நிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. தாத்தாவின் ராணுவ வாழ்க்கை கிட்டத்தட்ட முழுக்க அந்த அவசர நிலைக்குள்ளேயே அடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

தோல்விக்குப் பிறகு படையைப் பெருக்க வேண்டியதாயிற்று. எட்டேகால் லட்சம் பேர் கொண்ட தரைப்படை என்று இலக்கு வைத்தார்கள், புதிதாக மலைப் பிரிவுகள் எழுப்பினார்கள். சிப்பாய்களைச் சேர்த்துவிடலாம், முப்பது பேர் கொண்ட பிளட்டூனை நடத்த இளம் அதிகாரிகளுக்கு எங்கே போவது? டேராடூன் அகாடமி ஒன்றால் அவ்வளவு பேரை அவ்வளவு சீக்கிரம் தர முடியாது. அதனால் புனேயிலும் மதராஸிலும் இரண்டு பள்ளிகளைத் திறந்தார்கள். மதராஸ் பள்ளி 1963 ஜனவரியில் தொடங்கியது.

யோசனை ஒன்றும் புதிதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பெல்காம், பெங்களூர், மௌ மூன்று இடங்களிலும் இதே ஓ.டி.எஸ். என்ற பெயரில் பள்ளிகள் வைத்து, கல்லூரி முடித்த பையன்களுக்கு அவசர கமிஷன் கொடுத்தது வெள்ளைக்கார அரசு. அந்தப் போர் முடிந்ததும் அவற்றை மூடினார்கள். 1963 பள்ளிகளும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். புனே போயிற்று, 1964இல் மூடிவிட்டார்கள். மதராஸ் தங்கிவிட்டது.

மவுண்ட் ரயிலடி
ஏன் பரங்கிமலை என்று யாரும் கேட்கவில்லையே, நானே சொல்லிவிடுகிறேன். பொறந்து வளர்ந்த ஏரியா.

இது ராணுவத்துக்குப் புது இடமே இல்லை. 1759இல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகை போட்டிருந்தபோது இந்த மலையடிவாரத்தில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது. அப்புறம் மதராஸ் பீரங்கிப் படைக்கு இதுதான் தலைமையிடம். பரங்கிமலையும் பல்லாவரமும் சேர்த்து இன்றைக்கும் கன்டோன்மென்ட் போர்டு. எங்கள் தெருவில் வீட்டு வரி மாநகராட்சிக்கா கன்டோன்மென்டுக்கா என்று ஒரு காலத்தில் பெரிய குழப்பம் இருந்தது, அது வேறு கதை.

ஆக 1962இல் டெல்லிக்காரர்கள் "இடம் எங்கே இருக்கு?" என்று தேடியபோது இங்கே நிலம் ராணுவத்தின் கையில், பக்கத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம், வாசலில் ரயில். சீனா எல்லையிலிருந்து முடிந்தவரை தூரம் வேறு. இதைவிட என்ன வேணும்?

பட்டாபிராம் சைடிங்
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். போர்க்கால முகாம் என்றால் எங்கள் ஆவடியை விட்டுவிட்டுப் பேசலாமா? தினமும் நான் ஏறுகிற லோக்கல் வண்டியின் போர்டே "பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்". இரண்டாம் உலகப் போர் காலத்து ராணுவத் தளம். அந்தக் காலத்தில் சரக்கு இறக்கிய பாதையில் இன்றைக்கு டிபன் டப்பாவும் காலேஜ் பிள்ளைகளும் போகிறோம்.

ஆவடி என்ற பெயரே "ஆர்மர்டு வெகிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா" என்பதன் சுருக்கம்தானாமே?

கல்வெட்டுக்காரன்
வந்தது வழக்கமான வாட்சப் கதை. ஒரு வருஷக் கணக்கு போட்டாலே போதும். டேங்க் செய்கிற எச்.வி.எஃப். 1961இல் தொடங்கி, முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது 1965 டிசம்பரில். ஆனால் காமராஜர் முதல்வராக இருந்தபோது 1955 ஜனவரியிலேயே "ஆவடி காங்கிரஸ்" நடந்து, சோஷலிசப் பாணி சமுதாயத் தீர்மானம் போட்டு, ஊர் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தாயிற்று. அதுவும் எந்த இந்திய டிப்போவாவது தன் பெயரைச் சுருக்கினால் இவ்வளவு சுத்தமான தமிழ்ச் சொல்லாக வருமா? ஆ என்றால் பசு, ஐயா.

பட்டாபிராம் சைடிங்
சரி சரி, அடிக்காதீங்க. பெயரை விட்டுவிடுகிறேன், சைடிங்கை விடமாட்டேன்.

கியர் மாமா
சைடிங் மட்டுமா? சோழவரத்தை மறந்துவிட்டீர்களே! அதுவும் இரண்டாம் உலகப் போரில் போட்ட ஓடுதளம். போர் முடிந்தது, விமானம் போச்சு, கான்கிரீட் மட்டும் அப்படியே கிடந்தது. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் கார் ரேஸ் விட்டது. ஆங்கில "டி" எழுத்து மாதிரி இருக்கும் டிராக். எண்பதுகளில் என் அண்ணனுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவேன். கூரை கிடையாது, வெயில் மண்டையைப் பிளக்கும், ஒரு ரஸ்னா கவரில் மூணு பேர் பங்கு. கரிவரதன் கார் திரும்புகிற சத்தம் இன்னும் காதிலேயே இருக்கு. அப்புறம் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது, சோழவரம் அடங்கிவிட்டது.

மட்டுறுத்துநர்
நண்பர்களே, ரேஸுக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே கேட்ட கேள்விக்கு வருவோம்.

நங்கநல்லூர் பேத்தி
பரவாயில்லை சார், எனக்கு எல்லாமே புதுசுதான்.

தாத்தாவின் நோட்டை நேற்று ராத்திரி பிரித்தேன். பாதி பக்கம் பூச்சிக்குப் போய்விட்டது. மீதியில் ஒரு பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்தில் ஹிந்தி: "சாவ்தான், விஷ்ராம், தேஜ் சல், தம், பீச்சே முட்." ஒவ்வொன்றுக்கும் எதிரில் அர்த்தம் எழுதியிருக்கிறார். "பீச்சே முட்" என்பதற்கு எதிரில் "பின்னால் திரும்பு (இடப்பக்கம் திரும்பினால் அடி)". கும்பகோணம் காலேஜில் கணக்குப் படித்துவிட்டு வந்தவர், ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. படுத்துக்கொண்டே மனப்பாடம் பண்ணியிருப்பார் போல.

இன்னொரு பக்கத்தில், "இன்று ரகடா. முழங்கை இரண்டும் போச்சு. அக்னி நட்சத்திரம்." ரகடா என்றால் என்ன?

ரிட்டயர்டு சுபேதார்
ரகடா என்றால் தேய்ப்பு. ஒருத்தன் பூட்ஸில் பாலிஷ் சரியில்லை என்றால் மொத்த செக்‌ஷனும் தவளை மாதிரி குதிக்க வேண்டும், இல்லையென்றால் கல்லும் மண்ணுமாக இருக்கிற தரையில் முழங்கையால் ஊர்ந்து போக வேண்டும். கேட்டால் "உடம்பு கெட்டியாகும்" என்பார்கள். டிரில் சொல்லித் தருகிறவரை உஸ்தாத் என்போம். அவர் பதவியில் நாயக்கோ ஹவில்தாரோதான், ஆனால் நாளைக்குத் தன்னிடமே சல்யூட் வாங்கப் போகிற பையனை இன்றைக்கு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். நானும் அந்த வேலை கொஞ்ச நாள் பார்த்தவன்தான்.

தாத்தா கோர்ஸ் ஆறு மாதம்தான் இருந்திருக்கும். இப்போது 49 வாரம். ஆறு மாதத்தில் ஒரு கணக்கு பட்டதாரி முப்பது பேருக்கு உத்தரவு போடுகிற செகண்ட் லெப்டினன்ட் ஆக வேண்டும். இரண்டே வருஷத்தில் 65. அந்தச் சண்டையில் பிளட்டூனுக்கு முன்னால் நின்றவர்களில் ஈ.சி. நம்பர்காரர்கள் ரொம்பப் பேர்.

மவுண்ட் ரயிலடி
இன்னொன்றும் இருக்கிறது. 65 செப்டம்பரில் தாத்தா சியால்கோட்டில். அதே வருஷம் ஜனவரி, பிப்ரவரியில் இங்கே ஹிந்தி எதிர்ப்புப் போராட்டம், ரயில் பெட்டிகள் எரிகின்றன, பல ஊர்களுக்கு ராணுவம் வந்து இறங்குகிறது. "சாவ்தான்" என்பதைத் தமிழில் எழுதி மனப்பாடம் பண்ணின பையனுக்கு ஊரிலிருந்து வந்த கடிதாசியில் என்ன எழுதியிருந்திருக்கும்?

முன்னாள் எல்.சி.
நான் இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ரகடா என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. நானும் அதே மண்ணில் முழங்கையைத் தேய்த்தவள்தான், தாத்தாவுக்குக் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் பின்னால். எங்களை லேடி கேடட், சுருக்கமாக எல்.சி. என்பார்கள்.

1965இல் அவசர கமிஷனை நிறுத்தினார்கள். பள்ளியை மூடவில்லை, ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்று வைத்தார்கள். பெயர்தான் மாறியது, சரக்கு அதேதான்: வா, சில வருஷம் வேலை பார், கிளம்பு. பிறகு 1992இல் பெண்களை எடுக்கத் தொடங்கியபோது இங்கேதான் அனுப்பினார்கள். டேராடூனின் கதவு எங்களுக்குத் திறந்திருக்கவில்லை.

பேத்திக்கு ஒரு காட்சி சொல்கிறேன். பயிற்சி முடிகிற அன்றைக்கு நடக்கிற பாசிங் அவுட் பரேடில் கடைசியாக "அந்திம் பக்" (கடைசி அடி) என்று ஒரு கோடு இருக்கும். மெதுநடையில் அதைத் தாண்டினால் நீ கேடட் இல்லை, அதிகாரி. பரேடு மைதானத்துக்கு மேஜர் பரமேஸ்வரன் பெயர். 1972இல் இதே ஓ.டி.எஸ்.ஸிலிருந்து போனவர், 1987 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் இறந்தவர், பரம்வீர் சக்ரா. தாம்பரத்துக்காரர் மேஜர் முகுந்த் வரதராஜன் 2006இல் தாண்டியதும் அதே கோட்டைத்தான். பரேடு முடிந்ததும் அப்பா அம்மாவே தோளில் நட்சத்திரம் குத்துவார்கள், பிப்பிங் என்போம். என் அம்மாவுக்குக் கை நடுங்கி, பின் என் தோளிலேயே குத்திவிட்டது. சத்தம் போடாமல் சிரித்துக்கொண்டு நின்றேன், போட்டோவில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கோணலாக இருக்கும்.

பதினாலு வருஷத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் வெளியே வந்த பிறகுதான், 2020 பிப்ரவரியில், பெண்களுக்கும் நிரந்தர கமிஷன் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தாத்தா சொன்ன "எங்களை மாதிரி" எனக்கு நன்றாகவே புரிகிறது. கேம்ப் பர்மனென்ட் ஆகிவிட்டது, நாங்கள்தான் ஆகவில்லை.

சிங்கார வேலு
அப்படியானால் அக்னிவீர் மட்டும் என்ன புதுசா? 1963லேயே இருந்த விஷயம்தானே. சிப்பாய் வேலை நாலு வருஷம் என்று 2022இல் சொன்னதும் என்ன குதி குதித்தார்கள்!

பட்டாபிராம் சைடிங்
அது எப்படிங்க ஒண்ணாகும்? அன்றைக்கு நாடு தோற்று நின்ற நேரம். இவர்கள் அதிகாரிகள், அவர்கள் சிப்பாய்கள். எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டால் எப்படி?

மட்டுறுத்துநர்
இதற்கு மேல் வந்த பதினோரு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். அக்னிபத் பற்றி அரசியல் பகுதியில் ஏற்கெனவே இழை இருக்கிறது, அங்கே போய் ஆசை தீரப் பேசுங்கள்.

கல்வெட்டுக்காரன்
ஐந்து வருஷம் முடிந்ததும் இவர்கள் என்ன ஆனார்கள் என்பது முக்கியம். சிலரைத் தேர்வு செய்து நிரந்தர கமிஷன் கொடுத்தார்கள். மற்றவர்களை விடுவித்தார்கள், அரசு மொழியில் "விடுவிக்கப்பட்ட அவசர கமிஷன் அதிகாரிகள்" (ஈ.சி.ஓ.). அவர்களுக்காக மத்திய அரசுப் பணிகளில் இடம் ஒதுக்கி 1967இல் விதிகள் வந்தன. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். வரை அந்த வழியாகப் போனவர்கள் உண்டு. அந்தக் காலத்து அரசு அலுவலகங்களில் கோப்பை நீட்டினால் "எஸ், கேரி ஆன்" என்று சொல்கிற மேலதிகாரி ஒருவர் இருப்பாரே, விசாரித்தால் பாதி பேர் ஈ.சி.ஓ.வாக இருப்பார்கள்.

நங்கநல்லூர் பேத்தி
ஐயோ, அது அப்படியே எங்கள் தாத்தா!

68இல் வந்தாராம். முதலில் ஒரு தனியார் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறார். "ஆறு மாதம் டிரெயினிங், அஞ்சு வருஷம் சர்வீஸ், அதுக்கு மேல ஏன் வெச்சுக்கலை? ஏதாவது தப்பு பண்ணீங்களா?" என்று கேட்டார்களாம். இதைப் பாட்டி சொல்லித்தான் தெரியும். அவர் எழுந்து வந்துவிட்டார். பிறகுதான் பரீட்சை எழுதி மத்திய அரசு வேலைக்குப் போனது. முப்பது வருஷம் அங்கே. ஆனால் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற விஷயத்தில் மட்டும் கடைசி வரை ராணுவம்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட செருப்பு வேண்டாம், ஷூதான் வேண்டும் என்றார்.

சுபேதார் ஐயா, ஒரு கேள்வி. நிரந்தரம் ஆனவர்களுக்கு நம்பர் மாறுமா?

ரிட்டயர்டு சுபேதார்
மாறும் அம்மா. ஈ.சி. போய் ஐ.சி. வரும். பெட்டி மேல் பழையதை அழித்துப் புதுசாக எழுதுவார்கள். எழுதுவதற்கென்றே யூனிட்டில் ஒரு பெயின்டர் இருப்பான், ஒரு பெட்டிக்கு ஒரு டீ.

நங்கநல்லூர் பேத்தி
அதனால்தான் கேட்டேன். இந்தப் பெட்டியில் பழைய எழுத்துமேல் ஒரு கோட் பெயின்ட் கூட ஏறவில்லை.

முன்னாள் எல்.சி.
அடுத்த பாசிங் அவுட் பரேடுக்கு வருகிறீர்களா? பாஸுக்கு நான் கேட்டுப் பார்க்கிறேன். போட்டோவையும் எடுத்து வாருங்கள், தாத்தா எந்தக் கம்பெனி, அதாவது எந்த அணி, என்று அங்கே யாராவது சொல்வார்கள்.

நங்கநல்லூர் பேத்தி
அம்மாவிடம் கேட்டேன் மேடம். முதலில் "அப்பாவே போகலை, நாம எதுக்கு" என்றாள். ராத்திரி சாப்பிடும்போது அவளாகவே "வெயில் இருக்குமா, குடை விடுவாங்களா" என்று கேட்கிறாள். வருகிறோம்.

அப்புறம் அந்த ரசீதுக் கவரைப் பார்த்தோம். எல்லாம் மெஸ் பில். மாதவாரியாக அடுக்கி நூல் கட்டி வைத்திருக்கிறார். கடைசி பில் 1963 ஜூன். அதில் ஓரத்தில் பென்சிலால் "பாக்கி இல்லை" என்று தமிழில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

ரிட்டயர்டு சுபேதார்
மெஸ் பாக்கி வைத்தவனை அந்த அந்திம் பக் கோட்டையே தாண்ட விடமாட்டார்கள் அம்மா. குடை வேண்டாம், தொப்பி எடுத்துக்கொண்டு போங்கள். காலையில் சீக்கிரம் போய் உட்கார்ந்துவிடுங்கள், ஏழு மணிக்கு மேல் இடம் கிடைக்காது.